நேற்றுவரை ஓடாத கால்: பயிற்சிச் சுமையும் காயமும் – வாசகர் கேள்வி பதில்

பயிற்சியின் அளவு, அதனால் வரும் காயம் ஆகியவை பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டோம். பெயர் போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி: காவலர் தேர்வுக்காக 3 வாரமாகக் காலையில் 5 கி.மீ., மாலையில் 5 கி.மீ. தார்ச்சாலையில் ஓடுகிறேன். அதற்கு முன் ஓடிப் பழக்கமில்லை. 10 நாளாக முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பின் உள்பக்கம் வலிக்கிறது. 'ஓட ஓடச் சரியாகிவிடும்' என்கிறார்கள் கூட ஓடுகிறவர்கள். உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் 4 மாதம் இருக்கிறது. (விருதுநகர்)

பதில்: ஓட ஓட அடங்கும் வலியும் உண்டு, ஓட ஓட முறியும் எலும்பும் உண்டு. உங்களுடையது எது என்று முதலில் பாருங்கள். காலை நீட்டி உட்கார்ந்து, எலும்பின் உள் விளிம்பை முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால் வரை கட்டைவிரலால் அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். 5 செ.மீ.க்கும் அதிகமான நீளத்தில் பரவலாக வலித்தால், பெரும்பாலும் எலும்பின் மேலுறையும் அதை ஒட்டிய தசையும் எரிச்சல்பட்டிருக்கின்றன. 'இதோ, இந்த இடம்' என்று ஒற்றை விரலால் காட்ட முடிந்தாலோ, ஒற்றைக் காலில் குதித்தால் அங்கேயே சுரீர் என்றாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, மயிரிழை விரிசலைச் சந்தேகிக்க வேண்டும். அப்படியானால் இன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். முதல் 2, 3 வாரங்களில் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. எக்ஸ்ரே நார்மல் என்ற ஒரே காரணத்தால் திரும்பவும் ஓடப் போய்விடாதீர்கள். எம்.ஆர்.ஐ.தான் உறுதியாகச் சொல்லும். வலி எலும்பின் உள் விளிம்பில் இல்லாமல் நேர் முன்பக்க முகட்டில் இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை. அந்த இடத்து விரிசல் எளிதில் ஒன்றுசேராது.

இது படைக்கு ஆள் எடுக்கத் தொடங்கிய காலத்திலிருந்தே உள்ள நோய். பிரஷ்யப் படை மருத்துவர் பிரைட்ஹாப்ட், நெடுநடைக்குப் பிறகு வீரர்களின் பாதம் வீங்கி வலிப்பதை 1855-இல் எழுதினார். அது முறிவு என்பது எக்ஸ்ரே வந்த பிறகுதான் தெரிந்தது. காரணம் எளிது. புதிய சுமை வந்ததும் எலும்பு தன்னைப் புதுப்பிக்கத் தொடங்குகிறது. முதலில் பழைய எலும்பை அரித்து எடுக்கும், பிறகு புதிதாக நிரப்பும். அரிப்புக்குச் சில வாரம் போதும், நிரப்பி முடிக்க ஏறத்தாழ 3 மாதம் ஆகும். ஆக, ஓடத் தொடங்கிய முதல் மாதத்தில் உங்கள் எலும்பு முன்பிருந்ததைவிட ஓட்டை நிறைந்ததாக இருக்கிறது. மூச்சும் தசையும் அதற்குள் தேறிவிடுவதால் 'நன்றாக ஓட வருகிறதே' என்று தூரத்தைக் கூட்டத் தோன்றும். அங்கேதான் முறிகிறது.

பரவலான வலிதான் என்றால் 2 வாரம் ஓட வேண்டாம். சைக்கிள் மிதிக்கலாம், நீந்தலாம். 30 நிமிட வேக நடை தொடர்ந்து 5 நாள் வலியில்லாமல் போனபின், 1 நிமிடம் ஓட்டம், 2 நிமிடம் நடை என 8 முறை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான். மறுநாள் காலை அழுத்திப் பார்த்து வலி கூடவில்லையென்றால் ஓட்டத்தை 2 நிமிடம், 3 நிமிடம் என நீட்டுங்கள். கூடவே வாரம் 3 நாள் படியில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி இறக்குவது: 15 முறை, 3 செட், பழகியபின் ஒற்றைக் காலில்.

இன்னொன்று. ஆண்களுக்கான தேர்வில் கேட்பது 1,500 மீட்டரை 7 நிமிடத்தில். 400 மீட்டர் சுற்றுக்கு 112 நொடி, அவ்வளவுதான். அதற்கு நாளுக்கு 10 கி.மீ. தேவையே இல்லை. வாரம் 3 நாள் ஓடி, அதில் ஒருநாள் மட்டும் 112 நொடி வேகத்தில் 400 மீட்டரை நடுவில் 2 நிமிடம் நடந்து 4 முறை ஓடினால், 4 மாதம் தாராளம்.

கேள்வி: அரசுப் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். கால்பந்து அணியில் 18 பேர். பெரிய கிளப்களில் உடலில் ஜி.பி.எஸ். கட்டி அளக்கிறார்கள். எங்களிடம் ஒரு ஸ்டாப்வாட்ச்தான் இருக்கிறது. பயிற்சிச் சுமையை அளக்க வழி உண்டா? (பெரம்பலூர்)

பதில்: உண்டு. அதுவும் ஜி.பி.எஸ். சொல்லாத ஒன்றைச் சொல்லும் வழி. ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க், உழைப்பின் கடுமையை உழைப்பவரிடமே கேட்டு எண்ணாக்கும் அளவுகோலை உருவாக்கினார். அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் 1990-களில் அதை விளையாட்டுப் பயிற்சிக்கு ஏற்ப மாற்றினார். பயிற்சி முடிந்து சுமார் 30 நிமிடம் கழித்து, 'இன்றைக்கு மொத்தத்தில் எவ்வளவு கடினம்?' என்று கேளுங்கள். 0 என்றால் ஓய்வு, 3 மிதம், 5 கடினம், 7 மிகக் கடினம், 10 இதற்குமேல் முடியாது. அந்த எண்ணைப் பயிற்சி நிமிடங்களால் பெருக்கினால் அன்றைய சுமை.

ஒரு மாணவனின் வாரம் இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: திங்கள் 60 நிமிடம் × 5 = 300. செவ்வாய் 75 × 6 = 450. புதன் 40 × 3 = 120. வியாழன் 90 × 7 = 630. வெள்ளி 60 × 4 = 240. சனி மேட்ச் 70 × 8 = 560. ஞாயிறு 0. மொத்தம் 2,300.

இன்னொருவனுக்கும் மொத்தம் 2,300தான். ஆனால் அவனுடைய வாரம் 360, 340, 380, 350, 370, 350, 150. இருவரும் ஒன்றா? இல்லை என்கிறார் ஃபாஸ்டர். தினசரிச் சராசரியை அந்த வாரத்தின் திட்ட விலக்கத்தால் (நாளுக்கு நாள் சுமை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதன் அளவு) வகுத்து, அதற்குச் 'சலிப்பளவு' என்கிற பொருளில் ஒரு பெயர் வைத்தார். எக்ஸெலில் ஆவரேஜ் ஃபார்முலாவின் விடையை ஸ்டிடெவ் ஃபார்முலாவின் விடையால் வகுத்தால் வந்துவிடும். முதல் பையனுக்கு 1.4, இரண்டாமவனுக்கு 4.1. வாரச் சுமையை இதனால் பெருக்கினால் முதல்வனுக்கு ஏறத்தாழ 3,300, இரண்டாமவனுக்கு 9,500. சலிப்பளவு 2-க்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பொதுவான வழக்கு. அதைப் பிடித்துக்கொண்டு தசமத்துக்குச் சண்டை போட வேண்டாம். எல்லா நாளும் நடுத்தரக் கடினம் என்றால் உடல் தேறுவதற்கு நாளே இல்லை என்பதைக் காட்டினால் போதும்.

தவறுவது எங்கே? ஒன்று, எல்லோர் முன்னாலும் கேட்பது. கேப்டன் '4' என்றால் மற்ற 17 பேரும் '4' என்பார்கள். சீட்டில் எழுதி வாங்குங்கள். இரண்டு, கடைசி 5 நிமிடம் ஸ்பிரிண்ட் வைத்துவிட்டு உடனே கேட்பது. எண் ஊதிப்போகும், அதற்காகத்தான் அந்த 30 நிமிடம். மூன்று, பள்ளிக்கு வெளியே நடப்பதை விட்டுவிடுவது. பையன் ஞாயிற்றுக்கிழமை ஊர் கிளப்புக்கு இரண்டு மேட்ச் ஆடியிருப்பான், உங்கள் நோட்டில் 0 என்றிருக்கும். நீங்களும் பயிற்சிக்கு முன்பே 'இன்றைக்கு இது 3' என்று எழுதி வைத்துவிட்டுப் பிறகு அவர்கள் எண்ணோடு ஒப்பிடுங்கள். லேசான நாளைப் பிள்ளைகள் கடினமாகவும், கடினமான நாளை லேசாகவும் ஆக்கிக்கொள்வதை ஃபாஸ்டரே கண்டார்.

கேள்வி: அரை மாரத்தானுக்குத் தயாராகிறேன். என் வாட்ச், இந்த வாரச் சுமைக்கும் கடந்த 4 வாரச் சராசரிக்குமான விகிதம் 1.6 என்று சிவப்பில் காட்டுகிறது. வாரத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் கூட்டக் கூடாது என்றும் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஓடலாமா, வேண்டாமா? (கோயம்புத்தூர்)

பதில்: அந்தச் சிவப்புக்கு ஒரு கதை உண்டு. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர்களிலும் ரக்பி வீரர்களிலும் செய்த ஆய்வுகளை வைத்து, விகிதம் 0.8 முதல் 1.3 வரை இருந்தால் நல்லது, 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து என்று விளையாட்டு ஆய்வாளர் டிம் காபெட் 2016-இல் எழுதினார். கூடவே அவர் சொன்ன முக்கியமான கருத்து, நீண்ட நாளாகப் படிப்படியாக ஏற்றிய கடும் பயிற்சி காயத்திலிருந்து காக்கவும் செய்யும் என்பது. இது பின்னுக்குப் போய்விட்டது. எண் மட்டும் உலகம் சுற்றியது. அதே ஆண்டு சர்வதேச ஒலிம்பிக் குழுவின் ஒருமித்த அறிக்கையிலும் இடம்பிடித்தது, வாட்ச்களுக்குள்ளும் நுழைந்தது.

பிறகு கணக்கறிந்தவர்கள் அதைப் பிரித்துப் பார்த்தார்கள். 20, 20, 20, 40 கி.மீ. ஓடினீர்கள் என்று வையுங்கள். கடைசி வாரம் 40. 4 வாரச் சராசரி 25. விகிதம் 1.6. ஆனால் அந்தச் சராசரிக்குள்ளேயே கடைசி வாரத்தின் 40-ம் இருக்கிறதே! முந்தைய 3 வாரத்தோடு மட்டும் ஒப்பிட்டால் விகிதம் 2. நிஜத்தில் நீங்கள் இரட்டிப்பாக்கியிருக்கிறீர்கள். இன்னும் வேடிக்கை: 3 வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டு 4-ஆம் வாரம் எவ்வளவு ஓடினாலும், 5 கி.மீ. ஆனாலும் 50 கி.மீ. ஆனாலும், விகிதம் 4தான். இந்த முறையில் அதற்குமேல் போகவே முடியாது. சரி, நடைமுறையிலாவது பயன்பட்டதா? நார்வேயில் 34 இளையோர் கால்பந்து அணிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இந்த விகிதத்தின்படி பயிற்சியைத் திட்டமிட்டார்கள். 2021-இல் முடிவு வந்தது. இரு பக்கமும் உடல்நலக் கோளாறுகளில் வித்தியாசம் இல்லை.

10 சதவீத விதியும் சோதனையில் நிற்கவில்லை. நெதர்லாந்தின் குரோனிங்கனில் புதிதாக ஓடத் தொடங்கிய 532 பேரில் ஒரு பாதியினர் 13 வாரம் மெதுவாகவும், மறு பாதியினர் 8 வாரத்தில் வேகமாகவும் ஏறினார்கள். காயமடைந்தவர்கள் முறையே 20.8, 20.3 சதவீதம். யோசித்தால் விதி அபத்தமாகவும் தெரியும்: வாரம் 3 கி.மீ. ஓடுபவர் அடுத்த வாரம் 300 மீட்டர்தான் கூட்ட வேண்டுமா?

உங்கள் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராகப் பதில் தருவது 2025-இல் வெளியான ஒரு டேனிஷ் ஆய்வு. 5,200-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களை அவர்களுடைய வாட்ச் பதிவுகள் வழியாக 18 மாதம் தொடர்ந்தார்கள். காயத்தோடு ஒட்டிவந்தது ஒற்றை ஓட்டத்தின் தாவல். கடந்த 30 நாளில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட 10 முதல் 30 சதவீதம் கூடுதலாக ஒரே ஓட்டத்தில் ஓடியவர்களுக்கு, அப்படித் தாவாதவர்களைவிட அதிபயன்பாட்டுக் காயம் 64 சதவீதம் அதிகம். இரு மடங்குக்கு மேல் போனவர்களுக்கு 128 சதவீதம் அதிகம். வாரக் கணக்கு விகிதம் அப்படி எந்த எச்சரிக்கையும் தரவில்லை. இது கண்காணிப்பு ஆய்வு, சோதனை அல்ல. ஆனாலும் கைக்கு எட்டும் விதி கிடைக்கிறது: கடந்த 30 நாளில் உங்கள் நீண்ட ஓட்டம் 12 கி.மீ. என்றால், ஞாயிறன்று 13-ஐத் தாண்ட வேண்டாம். 12-லிருந்து 21-க்கு அப்படி ஏற சுமார் 6 நீண்ட ஓட்டம் பிடிக்கும், நடுவில் குறைத்து ஓடும் வாரங்களையும் சேர்த்தால் 8 வாரம். போட்டித் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள். வாட்ச்சின் சிவப்பைப் பற்றி அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. வேகப்பந்து வீசுகிறான். பள்ளி அணி, அகாடமி, லீக் என மூன்று இடத்தில் ஆடுகிறான். 3 வாரமாக இடுப்புக்கு மேல் இடப்பக்கம் முதுகு வலி. பந்து வீசும்போதும் பின்னால் வளையும்போதும் அதிகம். கோச் எண்ணெய் தேய்க்கச் சொல்கிறார். வலக்கைப் பந்துவீச்சாளன். (சேலம்)

பதில்: அம்மா, முதலில் பந்து வீசுவதை நிறுத்துங்கள். பேட்டிங் ஆடலாமா என்பதையும் மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும். வலக்கைப் பந்துவீச்சாளனுக்கு இடப்பக்கக் கீழ்முதுகில், வளையும்போது வரும் வலி, வேறு காரணம் நிரூபணமாகும்வரை முள்ளெலும்பின் வளையத்தில் விரிசல் என்றே கருத வேண்டும். முன்காலை ஊன்றும் கணத்தில் உடல் எடையின் பல மடங்கு விசை மேலேறுகிறது. அதே கணத்தில் முதுகு பக்கவாட்டில் சாய்ந்து, திரும்பி, பின்னால் வளைந்தும் இருக்கிறது. வீசும் கைக்கு எதிர்ப்பக்கம் நசுங்குகிறது. கீழ்முதுகின் கடைசி இரண்டு எலும்புகள்தான் வழக்கமாக மாட்டுவது. 14 வயதில் அந்த வளையம் இன்னும் முற்றவில்லை. பும்ராவுக்கே 2019-இல் முதுகில் இந்த வகை விரிசல் வந்தது, 2023-இல் முதுகு அறுவைச் சிகிச்சைவரை போனது.

சாதாரண எக்ஸ்ரே இங்கேயும் ஏமாற்றும், எம்.ஆர்.ஐ. கேளுங்கள். விரிசலுக்கு முந்தைய வீக்கக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் எலும்பு முழுதாக ஒன்றுசேர நல்ல வாய்ப்பு உண்டு. வீசாமல் இருக்கும் காலம் மாதக் கணக்கில் போகும். அதை மருத்துவர் சொல்வார். எண்ணெய் தேய்ப்பதால் எலும்பு ஒன்றுசேராது. வலி மரத்து இன்னும் நாலு ஓவர் வீசுவான் என்பதுதான் நடக்கும்.

திரும்பிய பிறகு, பந்துகளை எண்ண வேண்டியது நீங்கள். மூன்று கோச்சுகளில் ஒருவருக்கும் மற்ற இருவர் எவ்வளவு வீசச் சொன்னார்கள் என்று தெரியாது. நெட்டில் வீசும் பந்தும் பந்துதான், வார்ம்-அப்பில் முழு வேகத்தில் வீசியதும் பந்துதான். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியம் பல ஆண்டுகள் வைத்திருந்த வரம்பு: 13 வயதுக்குட்பட்டோருக்கு ஒரு ஸ்பெல்லில் 5 ஓவர், நாளில் 10 ஓவர்; 14, 15 வயதுப் பிரிவுகளுக்கு ஸ்பெல்லில் 6, நாளில் 12; 16, 17 வயதுப் பிரிவுகளுக்கு ஸ்பெல்லில் 7, நாளில் 18. உங்கள் மகனுக்கு 6 ஓவர் ஸ்பெல், நாளில் 12, அதற்குமேல் ஒரு பந்தும் வேண்டாம். அடுத்தடுத்து இரண்டு நாளுக்கு மேல் வீச வேண்டாம்.

லீக் முடிந்ததும் 'ஒன்றும் ஆகவில்லையே' என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ஒரே மேட்சில் 50 ஓவருக்கு மேல் வீசிய ஆஸ்திரேலியப் பந்துவீச்சாளர்களுக்குக் காயம் கூடியது அடுத்த 3 வாரத்தில்தான் என்று ஜான் ஆர்ச்சர்டு குழுவினர் 2009-இல் காட்டினார்கள். கடன் தாமதமாகத்தான் வசூலாகிறது. சுவரில் கோடு போட்டு 3 மாதத்துக்கு ஒருமுறை உயரம் பாருங்கள். சட்டென்று உயரும் மாதங்களில் ஓவரைக் குறையுங்கள். அமெரிக்காவில் விளையாட்டு மருத்துவர் நீரு ஜெயந்தி குழுவினர் சொன்ன எளிய அளவும் உண்டு: வாரத்தில் எத்தனை மணி நேரம் பயிற்சி என்பது பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது. 14 வயதுக்கு 14 மணி நேரம், மூன்று இடத்தையும் சேர்த்து.

கேள்வி: கபடி அணிப் பயிற்சியாளர். தினமும் ஆட்டத்துக்கு முன் 20 நிமிடம் ஸ்ட்ரெச்சிங் செய்ய வைக்கிறேன். அப்படியும் தொடையின் பின்பக்கம் பிடித்துக்கொள்கிறது. என்ன தப்பு? (ஒட்டன்சத்திரம்)

பதில்: தப்பு ஸ்ட்ரெச்சிங்கில் இல்லை, அதனிடம் எதிர்பார்ப்பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியப் படையில் 1,538 புதியவர்களைப் பிரித்து ஒரு பாதியை ஒவ்வொரு பயிற்சிக்கு முன்னும் ஸ்ட்ரெச்சிங் செய்யவைத்தார்கள். 2000-இல் வந்த முடிவு: காயம் குறையவில்லை. 2014-இல் 25 சோதனைகளை, 26,000-க்கும் அதிகமானோரைச் சேர்த்துப் பார்த்தபோதும் ஸ்ட்ரெச்சிங்குக்குப் பலன் தெரியவில்லை. வலுப் பயிற்சியோ காயத்தை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே கொண்டுவந்தது. அந்த 20 நிமிடத்தை மாற்றிச் செலவிடுங்கள்.

பின்தொடைக்கு 'நார்டிக்' பயிற்சி. மடித்த மேட்டில் முட்டி போடச் சொல்லுங்கள். இன்னொருவர் பின்னாலிருந்து இரு கணுக்கால்களையும் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். முட்டியிலிருந்து தலைவரை ஒரே கோடாக வைத்தபடி, பின்தொடையால் இழுத்துப் பிடித்துக்கொண்டே மெல்ல முன்னால் சாய வேண்டும். தாங்க முடியாத இடத்தில் கையை ஊன்றி விழுந்து, கையால் தள்ளியே எழ வேண்டும். இடுப்பை மடித்துக்கொண்டு சாய்ந்தால் பயிற்சி வீண். முக்கால்வாசிப் பேர் செய்வது அதைத்தான்.

அளவு: முதல் வாரம் 1 நாள், 5 முறை, 2 செட். 2-ஆம் வாரம் 2 நாள், 6 முறை, 2 செட். 3-ஆம் வாரம் 3 நாள், 6 முதல் 8 முறை, 3 செட். 4-ஆம் வாரம் 8 முதல் 10 முறை. 5 முதல் 10-ஆம் வாரம் வரை 12, 10, 8 என 3 செட். பிறகு வாரம் ஒருநாள் போதும், ஆனால் நிறுத்தக் கூடாது. டென்மார்க்கில் 50 கால்பந்து அணிகளில் இதைச் செய்தார்கள். செய்த பாதியில் பின்தொடைக் காயம் 15, செய்யாத பாதியில் 52.

இது தோற்றுப்போவது பெரும்பாலும் முதல் நாளிலேயே. ஆர்வத்தில் 3 செட் போட்டுவிடுவார்கள், இரண்டு நாள் உட்கார எழ முடியாது, 'இது நமக்கு ஆகாது' என்று விட்டுவிடுவார்கள். ஆட்டத்துக்கு முன்னும் வேண்டாம், முந்தைய நாளும் வேண்டாம். பயிற்சி முடிந்த பிறகு செய்யுங்கள். கவட்டி வலி உள்ளவர்களுக்குக் 'கோபன்ஹேகன்' பயிற்சி: பக்கவாட்டில் படுத்து, மேல்காலை இன்னொருவர் இடுப்பளவில் பிடிக்க, அந்தக் காலால் அழுத்தி உடலைத் தூக்குவது. நார்வே கால்பந்தில் கவட்டிப் பிரச்சினை 41 சதவீதம் குறைந்தது.

ஆட்டத்துக்கு முன் ஃபிஃபா 11+ மாதிரி வார்ம்-அப்: 8 நிமிடம் மெல்லோட்டமும் அசைவும், 10 நிமிடம் பிளாங்க், ஒற்றைக்கால் நிலை, குதித்து மெத்தென இறங்குதல், கடைசி 2 நிமிடம் வேக ஓட்டமும் சட்டெனத் திரும்புதலும். குதித்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடங்குகிறதா என்று முன்னால் நின்று பாருங்கள். ரெய்டர் கோட்டைத் தொடத் திரும்பும் அந்த நொடியில் முழங்கால் தசைநார் அறுவது அப்படித்தான். இந்த ஆய்வுகள் கால்பந்தில் நடந்தவை என்றாலும், நின்று, திரும்பி, பாயும் ஆட்டம் எதுவானாலும் தொடைக்கு வேலை ஒன்றுதான்.

கேள்வி: விடுதியில் தங்கி நடுத்தூர ஓட்டம் பயிற்சி எடுக்கிறேன். வயது 18, எடை 48 கிலோ. 4 மாதமாக மாதவிடாய் வரவில்லை. 'உடம்பு ஃபிட்டாகிறது, நல்ல அறிகுறி' என்கிறார்கள் சீனியர் அக்காக்கள். (சென்னை)

பதில்: நல்ல அறிகுறி இல்லையம்மா. 3 மாதம் தாண்டினாலே மகளிர் மருத்துவரைப் பார்க்க வேண்டும். தைராய்டு உள்ளிட்ட மற்றக் காரணங்களை அவர் சோதித்து விலக்கட்டும். உங்களைப் போன்ற ஓட்டக்காரர்களில் அடிக்கடி காணும் காரணம், உண்பது ஓடுவதற்கே போய்விட்டு உடலை நடத்த மிச்சமில்லாமல் போவது. ஒலிம்பிக் குழு 2014-இல் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தது, 2023-இல் வரையறையைப் புதுப்பித்தது. உடல் சிக்கனம் பிடிக்கும்போது முதலில் நிறுத்துவது மாதவிடாயை. ஈஸ்ட்ரோஜன் குறைந்து எலும்பு மெலியும். பிறகு வழக்கமான பயிற்சியே எலும்புக்கு அதிகச் சுமையாகிவிடும்.

கணக்குப் பாருங்கள். 48 கிலோவில் கொழுப்பு 20 சதவீதம் என்றால் மிச்சம் 38.4 கிலோ. அதன் ஒவ்வொரு கிலோவுக்கும் 45 கலோரி வேண்டும், சுமார் 1,730. பயிற்சியில் 600 எரித்தால் நாளுக்கு 2,330. கிலோவுக்கு 30-க்குக் கீழே தங்கினால் கோளாறு தொடங்கும். விடுதியில் சோறு குறைவதில்லை, நேரம்தான் தவறுகிறது. காலை 5.30-க்கு வெறும் வயிற்றில் ஓடி, 8.30-க்கு மூன்று இட்லி என்பது பல விடுதிகளின் வழக்கம். ஓடும் முன் இரண்டு வாழைப்பழம், முடித்த அரை மணிக்குள் பாலும் வேர்க்கடலை உருண்டையும், காலையில் முட்டை. மாதவிடாய் திரும்பும்வரை தூரத்தைக் குறையுங்கள். மாதவிடாயை வரவழைக்க மாத்திரை கொடுத்தால் இரத்தம் வரும், பசித்திருக்கும் உடல் அப்படியே இருக்கும்.

கேள்வி: வயது 45. வாரம் 4 நாள் ஷட்டில் ஆடுகிறேன். காலையில் எழுந்து முதல் 10 அடி குதிகாலுக்கு மேலே இறுக்கிப் பிடிக்கிறது, நடக்க நடக்க விடுகிறது. ஆடலாமா? (மதுரை)

பதில்: ஆடலாம், கணக்கோடு. அந்த இடத்தில் பலரும் 'குதிகால் நரம்பு' என்று சொல்வது நரம்பு அல்ல, கெண்டைத் தசையை எலும்போடு கட்டும் தசைநாண். அது ஆடும்போது அவ்வளவாகக் காட்டிக்கொடுக்காது, மறுநாள் காலையில்தான் பேசும். ஸ்வீடனில் கரின் சில்பர்னாகல் சோதித்த முறை: ஆடும்போது வலி 10-க்கு 5 வரை போகலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் ஏறக் கூடாது. ஏறினால் 4 நாளை 2 ஆக்குங்கள், நடுவில் 2 நாள் இடைவெளி விடுங்கள். முழு ஓய்வு எடுத்தால் நாண் இன்னும் வலுவிழக்கும், திரும்ப இறங்கும் முதல் நாளே பழைய வலி வரும். படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி இரு காலால் ஏறி, வலிக்கும் காலால் மட்டும் மெல்ல இறங்குங்கள். முழங்கால் நேராக 15 முறை 3 செட், சற்று மடித்து 15 முறை 3 செட், காலை மாலை இருவேளை, 12 வாரம். அங்கே ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ள வேண்டாம், நாண் அறுந்த சம்பவங்கள் உண்டு.

கேள்வி: தை மாதம் பாடசாலை திறந்ததும் இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு (பாடசாலை இல்லங்களுக்கு இடையிலான தடகளப் போட்டி) இரண்டு, மூன்று கிழமைதான் (வாரம்தான்) கிடைக்கும். 100 மீற்றர் ஓடுகிற பிள்ளைகளுக்குத் தொடை பிடிக்கிறது, மரதன் ஓட்டத்தில் மயங்கி விழுகினம். குறுகிய நாளில் என்ன செய்யலாம்? (யாழ்ப்பாணம்)

பதில்: இரண்டு கிழமையில் உடலைத் தேற்ற முடியாது, சேதத்தைக் குறைக்கலாம். முழு வேக ஓட்டத்தை முதல் நாளே வைக்க வேண்டாம். முதல் 3 நாள் 60 மீற்றர், முக்கால் வேகத்தில் 5 முறை. அடுத்த 3 நாள் அதே தூரம், பத்தில் ஒன்பது பங்கு வேகத்தில் 4 முறை. இரண்டாம் கிழமையில்தான் முழு வேகம், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், 3 முறை, நடுவில் 3, 4 நிமிட ஓய்வு. தகுதிகாண் சுற்றையும் இறுதியையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். ஒரே பிள்ளையை 100, 200, அஞ்சல் (தொடரோட்டம்), நீளம் பாய்தல் என ஐந்துக்கு இறக்குவதுதான் பெரும்பாலும் தொடையை வாங்குவது. இல்லத்துக்குப் புள்ளி வேண்டும் என்பது விளங்குகிறது, ஆனாலும் மூன்றோடு நிறுத்துங்கள்.

மரதனைக் காலை 6.30-க்குத் தொடங்குங்கள். வெயிலுக்கு உடல் பழக 10 முதல் 14 நாள் ஆகும், உங்களிடம் அந்த நாள் இல்லை. காய்ச்சலில் இருந்து எழுந்த பிள்ளையை ஓட விடாதீர்கள். மார்கழி விடுமுறைக்கு முன்பே 'நாளுக்கு 15 நிமிடம் ஓடிக்கொண்டிரு' என்று சொல்லி அனுப்புவது தைக்குள் செய்யும் எதையும்விடப் பலன் தரும்.

கேள்வி: டோர்னமென்ட் நாளில் வலி மாத்திரை போட்டுக்கொண்டு இறங்கலாமா? இரவு 2 மணிவரை மேட்ச் நடக்கிறது. (தஞ்சாவூர்)

பதில்: வேண்டாம். வெயிலில் தண்ணீர் வற்றிய உடலில் அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். தவிர, எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்லும் ஒரே சமிக்ஞையையும் அணைத்துவிடும். இரவு 2 மணி மேட்ச்தான் இதில் பெரிய பிரச்சினை. அமெரிக்காவில் 112 பள்ளி விளையாட்டு வீரர்களைக் கேட்டறிந்த ஆய்வு ஒன்றில், 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்குக் காயம் 1.7 மடங்கு. ஆட்டம் நள்ளிரவில் என்றால் அன்று பகலில் 90 நிமிடம் தூங்குங்கள், மறுநாள் காலைப் பயிற்சியை ரத்து செய்யுங்கள்.